சங்கத்தைத் திருத்தும் உரிமை உறுப்பினருக்கே
நலிவுற்ற சங்கங்களின் மறுசீரமைப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

1. நிலைப்பாடு

உறுப்பினர்களின் சந்தாவாலும் உழைப்பாலும் உருவாகி, பின்னர் வருவாய் குன்றியோ உட்பூசல் முற்றியோ நலிவுற்ற ஒரு சங்கத்தின் அமைப்பை மாற்றுவதும், அதனை இன்னொரு சங்கத்தோடு இணைப்பதும், அதன் முதன்மையான சொத்தை விற்பதும், அதனைக் கலைப்பதும் முழு விவரம் அறிந்த உறுப்பினர்களின் வாக்கெடுப்பால் மட்டுமே முடிவு செய்யப்பட வேண்டும் என்பது இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. செயற்குழுவின் அவசரமோ, கடன் கொடுத்தவரின் நெருக்குதலோ, அரசின் நல்லெண்ணமோ அந்த வாக்கெடுப்புக்கு ஈடாகா. அதே வேளையில், சரிபார்க்கப்படாத உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, கணக்கைக் காட்டாமல், ஒரே ஒரு திட்டத்தை முன்வைத்துக் கையுயர்த்தச் சொல்வதை வாக்கெடுப்பு என்று இவ்வமைப்பு ஏற்பதில்லை. ஆகவே, வாக்கெடுப்பு வேண்டும் என்பதோடு, அது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதையும் இவ்வறிக்கை வரையறுக்கிறது.

2. நலிவு எவ்வாறு தோன்றுகிறது

உறுப்பினர் சங்கம் என்பது, முதலீட்டின் அளவைப் பாராமல் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமநிலையில், பொதுவான ஒரு நோக்கத்துக்காகத் தாமே விரும்பிச் சேர்ந்தவர்களின் கூட்டு ஆகும். வாசகர் மன்றம், தொழில்முறைச் சங்கம், குடியிருப்போர் நலச்சங்கம், கலைஞர் சங்கம், கூட்டுறவுப் பண்டகசாலை ஆகியவை பதிவு பெறும் சட்டத்தால் வேறுபட்டாலும் இந்த அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையும், 1904-இல் சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இந்த அடிப்படையின் மீதே எழுந்தவை.

இத்தகைய சங்கம் ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. முதலில் சந்தா நிலுவை சேர்கிறது. பிறகு ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருவோர் குறைகிறார்கள். பொறுப்புக்கு வர எவரும் முன்வராததால் அதே சிலர் ஆண்டுதோறும் தொடர்கிறார்கள். அவர்களே தொடர்வதால் மற்றவர்கள் மேலும் விலகுகிறார்கள். பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டிய கணக்குகளும் நிர்வாகிகள் பட்டியலும் ஓராண்டு தவறி, ஈராண்டு தவறி, இறுதியில் சங்கத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் பூட்டிய கட்டடமும் மட்டுமே எஞ்சுகின்றன.

இந்தச் சரிவில் ஆயுள் சந்தா வகிக்கும் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை. ஆயுள் சந்தா என்பது, ஒருவர் வாழ்நாள் முழுவதற்குமான கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்துவது. அத்தொகையை முதலாக வைத்து அதன் வட்டியை மட்டும் செலவிடுவதே முறை; ஆனால் அந்தந்த ஆண்டின் வருவாயாகக் கணக்கில் கொண்டு செலவழித்துவிடும் சங்கம், பணம் தீர்ந்த பின்னரும் அந்த உறுப்பினருக்குச் செய்ய வேண்டிய கடமையைச் சுமந்து நிற்கிறது. அதோடு, மறைந்தவர்களும் முகவரி மாறியவர்களும் நீக்கப்படாமல் ஆயுள் உறுப்பினர் பட்டியலில் இருந்துவிடுவதால், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையான குறைவெண், உயிரோடு இருப்பவர்களால் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பட்டியலில் பெருகியும் அரங்கில் சுருங்கியும் காணப்படும் சங்கம் எதையும் முடிவு செய்ய இயலாத நிலையை அடைகிறது; முடிவு செய்ய இயலாத அந்த நிலையே சிலர் கூடி எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

3. பழைய சட்டத்தின் அறிவு

இந்திய நாட்டின் சங்கச் சட்டங்களுள் மூத்ததான 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம், இந்தச் சிக்கலை முன்னரே உணர்ந்திருந்தது. அதன் 12-ஆம் பிரிவின்படி, ஒரு சங்கத்தின் நோக்கத்தை மாற்றவோ, விரிக்கவோ, சுருக்கவோ, அதனை வேறொரு சங்கத்தோடு இணைக்கவோ விரும்பும் ஆட்சிக்குழு, அந்த முன்மொழிவை எழுத்து வடிவிலோ அச்சு வடிவிலோ அறிக்கையாக்கி, சிறப்புக் கூட்டத்துக்குப் பத்து நாள்களுக்கு முன்னர் ஒவ்வோர் உறுப்பினருக்கும் சேர்ப்பிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கினர் அதனை ஏற்க வேண்டும். பின்னர் ஒரு மாத இடைவெளியில் கூட்டப்படும் இரண்டாவது சிறப்புக் கூட்டத்தில், வந்திருப்போருள் ஐந்தில் மூன்று பங்கினர் மீண்டும் அதனை உறுதி செய்ய வேண்டும்.

இவ்விதியில் மூன்று பாதுகாப்புகள் அடங்கியுள்ளன. அறிக்கை ஒவ்வோர் உறுப்பினருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது அறியும் உரிமை. சாதாரணப் பெரும்பான்மை போதாது என்பது, ஒரு வாக்கு வேறுபாட்டில் சங்கம் உருமாறிவிடாமல் காக்கும் தடுப்பு. ஒரு மாதம் கழித்து மீண்டும் கேட்பது, முதற்கூட்டத்தின் சூடு தணிந்த பின்னரும் அந்த விருப்பம் நிலைக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, கலைப்பதற்கும் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதலைக் கோருகிறது. கலைந்த சங்கத்தின் கடன்களைத் தீர்த்தபின் எஞ்சும் சொத்தை உறுப்பினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளலாகாது என்றும், அது வேறொரு சங்கத்துக்கே செல்ல வேண்டும் என்றும் 14-ஆம் பிரிவு பொதுவிதியாக வகுக்கிறது.

தமிழ்நாட்டில் அச்சட்டத்தின் இடத்தை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் எடுத்துக்கொண்டது. அமைப்பின் அடிப்படையை மாற்றும் முடிவுகளுக்கு அச்சட்டம் சிறப்புத் தீர்மானத்தைக் கோருகிறது. அதாவது, உரிய முன்னறிவிப்புடன் கூட்டப்பட்ட பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவு பெற்ற தீர்மானம். இரண்டாவது உறுதிக் கூட்டம் என்ற பழைய ஏற்பாடு கைவிடப்படத் தகாத ஒன்று என்று இவ்வமைப்பு கருதுகிறது; சட்டம் வற்புறுத்தாத இடங்களிலும் சங்கங்கள் தம் துணைவிதிகளில், அதாவது தம் உள்நடப்புக்குத் தாமே வகுத்துப் பதிவு செய்துகொள்ளும் விதிகளில், அதனைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

4. வாக்கெடுப்பு நடந்த இடமும் நடவாத இடமும்

இக்கொள்கை நடைமுறையில் என்ன பயன் தருகிறது என்பதை, அண்மைக் காலத்தில் இரு நாடுகளில் நிகழ்ந்தவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது உணரலாம்.

ராச்டேல் மரபின் வாரிசான பிரிட்டனின் கூட்டுறவுக் குழுமம், 2009-இல் ஒரு பேரங்காடி நிறுவனத்தை விலைக்கு வாங்கியதோடு, அதே ஆண்டில் தன் வங்கியைப் பிரிட்டானியா என்ற வீட்டுக்கடன் சங்கத்துடன் இணைத்தது. அந்த இணைப்போடு வந்த வாராக்கடன்களும் பிறவும் சேர்ந்து, 2013-இல் வங்கியின் மூலதனத்தில் 150 கோடி பவுண்டு பற்றாக்குறை இருப்பது வெளியாயிற்று. வங்கியின் பெரும்பங்கு கைவிட்டுப் போனது. அவ்வாண்டு குழுமத்தின் இழப்பு 250 கோடி பவுண்டு என அறிவிக்கப்பட்டது. குழுமத்தின் ஆட்சிமுறையை ஆராய்ந்த மைனர்ஸ் பிரபு, இத்தனை பெரிய வணிகத்தை மேற்பார்வையிடும் திறனும் அனுபவமும் இயக்குநர் குழுவுக்குப் போதவில்லை என்று 2014 மே மாதம் வெளியான தம் அறிக்கையில் வெளிப்படையாகக் கூறினார்.

அந்த அறிக்கை மூடி வைக்கப்படாமல் உறுப்பினர்முன் வைக்கப்பட்டது. 2014 மே 17 அன்று மான்செஸ்டரில் கூடிய சிறப்புப் பொதுக்கூட்டம் சீர்திருத்தத்தின் கொள்கைகளை ஒருமனதாக ஏற்றது. ஆகஸ்ட் 30 அன்று கூடிய இரண்டாவது கூட்டம் புதிய விதிகளை மிகப் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. இயக்குநர் குழு சிறியதாகித் தகுதி அடிப்படையில் அமைந்தது; உறுப்பினர்களின் சார்பில் அதனைக் கேள்வி கேட்க நூறு பேர் கொண்ட மன்றம் உருவாயிற்று; ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறை நேரடியாக உறுப்பினர் கைக்கு வந்தது. அந்நாளில் வாக்களித்தவர்கள் உறுப்பினர்கள் அனைவரும் அல்லர், பகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களும் இணைச் சங்கங்களுமே ஆவர் என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். ஆயினும், பழைய அடுக்குமுறையில் தமக்கிருந்த இடத்தையே இழக்கச் செய்யும் தீர்மானத்துக்கு அந்தப் பேராளர்கள் வாக்களித்தார்கள் என்பதே இந்நிகழ்வின் சிறப்பு. வெளியிலிருந்து ஒருவர் அந்த இடங்களைப் பறித்திருந்தால் வழக்கும் பகையும் மிஞ்சியிருக்கும்; அவர்களே கைவிட்டதால் சீர்திருத்தம் வேரூன்றியது.

கனடாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மலையேறுவோர் சிலர் 1971-இல் வான்கூவரில் தொடங்கிய மவுண்டன் எக்விப்மென்ட் கூட்டுறவு, ஐந்து டாலர் பங்குக்கு ஆயுள் உறுப்பினராகும் எளிய ஏற்பாட்டினால் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பெற்றது. கடன் சுமையோடு பெருந்தொற்றுக் கால விற்பனை வீழ்ச்சியும் சேர்ந்த நிலையில், 2020 செப்டம்பரில் அதன் இயக்குநர் குழு, கடன்காரரிடமிருந்து பாதுகாப்புத் தரும் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடி, கூட்டுறவின் உடைமைகளை அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்க முடிவு செய்திருப்பதாக அறிவித்தது. உறுப்பினர்களிடம் வாக்குக் கோரப்படவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தும், அக்டோபரில் நீதிமன்றம் விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. கடைகள் பல தொடர்ந்தன, பணியாளர் பலர் வேலையில் நீடித்தனர், கடன்காரருக்கு வழி பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உறுப்பினருக்குச் சொந்தமான கூட்டுறவு என்ற பொருளில் அது அன்றோடு முடிந்துபோயிற்று.

இவ்விரண்டு நிகழ்வுகளும் ஒரே பாடத்தைத் தருகின்றன. வாக்கெடுப்பின்றி நடக்கும் மீட்பு கட்டடத்தையும் பெயரையும் சரக்கையும் காப்பாற்றலாம். எதன் பொருட்டு அவை சேர்க்கப்பட்டனவோ அந்தக் கூட்டுரிமையைக் காப்பாற்றாது.

5. பட்டியல் சரியில்லையேல் வாக்கு இல்லை

வாக்கெடுப்பு நடத்தினாலே போதும் என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டின் அனுபவமே மறுக்கிறது. 1952-இல் தோன்றிய தென்னிந்திய நடிகர் சங்கத்தின் தேர்தல் 2019 ஜூன் 23 அன்று நடந்தது. உறுப்பினர் சிலரின் வாக்குரிமை குறித்தும் வாக்காளர் பட்டியல் குறித்தும் எழுந்த பூசல் வழக்காக மாற, பதிவான வாக்குகள் எண்ணப்படாமல் பெட்டியிலேயே இருந்தன. இடையில் அரசு ஒரு தனி அலுவலரை, அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் இடத்தில் இருந்து சங்கத்தை நடத்தும் அரசு அலுவலரை, நியமித்தது. தனி நீதிபதி தேர்தல் செல்லாது என்றார். மேல்முறையீட்டில் அது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இறுதியில் 2022 மார்ச் 20 அன்றுதான் வாக்குகள் எண்ணப்பட்டன. ஏறத்தாழ 33 மாதங்கள் ஒரு சங்கத்தின் விருப்பம் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தது.

இப்பூசலில் யார் பக்கம் நியாயம் இருந்தது என்று தீர்ப்புக் கூறுவது இவ்வறிக்கையின் வேலை அன்று. யார் உறுப்பினர், யாருக்கு வாக்குண்டு என்ற கேள்விகளைத் தேர்தல் அறிவிப்புக்குப் பின்னர் தீர்க்க முயலும் எந்தச் சங்கத்துக்கும் இதே நிலை நேரக்கூடும் என்பதையே இது காட்டுகிறது. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மூன்று மாதங்களுக்கு மேல் சந்தா நிலுவை வைத்திருப்பவர் வாக்களிக்கவோ உறுப்பினராக எண்ணப்படவோ உரிமையற்றவர் என்று தெளிவாக வரையறுத்தது. விதி கடுமையாக இருப்பதைவிட முன்கூட்டியே தெரிந்திருப்பதும், எல்லோர்க்கும் ஒன்றாக இருப்பதும் முக்கியம். வாக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் திடீரென நிலுவைதாரரை நீக்குவதும், எவரோ ஒருவர் பலரின் நிலுவையை மொத்தமாகக் கட்டி அவர்களுக்கு வாக்குரிமை வாங்கித் தருவதும் ஒரே அளவு தவறானவை.

6. அரசு திருத்த முனையும்போது

உட்பூசலால் முடங்கிய சங்கத்தைச் சட்டம் இயற்றியே சீரமைத்துவிடலாம் என்ற முயற்சிக்கு இந்திய உச்சநீதிமன்றம் 1971-இல் வரம்பு கட்டியது. 1910-இல் தோன்றிய இந்தி சாகித்திய சம்மேளனத்தில் நிர்வாகப் பிணக்கு முற்றியபோது, நாடாளுமன்றம் 1962-இல் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, அதனை நாட்டுச் சிறப்பு வாய்ந்த நிறுவனமாக அறிவித்து, பழைய உறுப்பினரின் இசைவின்றியே புதியவர்கள் உள்ளே வரும்படி அதன் உறுப்பினர் அமைப்பை மாற்றியது. அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் உறுப்பு தரும் சங்கம் அமைக்கும் உரிமை, சங்கத்தைத் தொடங்கும் கணத்தோடு தீர்ந்துவிடுவதன்று என்றும், விரும்பிச் சேர்ந்தவர்கள் தாம் ஏற்றுக்கொண்டவர்களோடு மட்டும் அதனைத் தொடர்ந்து நடத்தும் உரிமையையும் அது உள்ளடக்கியது என்றும் கூறி, நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

இத்தீர்ப்பின் உட்பொருளை இவ்வமைப்பு முழுமையாக ஏற்கிறது. பதிவாளரின் விசாரணைக்கும் கணக்குத் தணிக்கைக்கும் இவ்வமைப்பு எதிரானதன்று. நிதி முறைகேடு நிகழும் இடத்தில் அவை தேவையானவை. தனி அலுவலர் நியமிக்கப்படும் சூழல் தவிர்க்க முடியாததாயின், அவருடைய பணி பட்டியலைச் செம்மை செய்வது, கணக்கை வெளியிடுவது, வாக்கெடுப்பை நடத்துவது ஆகிய மூன்றோடு முடிய வேண்டும். அவர் காவலர், உரிமையாளர் அல்லர்.

7. மறுப்புகளும் விடைகளும்

உறுப்பினர்களுக்கு அக்கறை இல்லை, அழைத்தாலும் வருவதில்லை என்பது நிர்வாகிகள் பெரும்பாலும் கூறும் மறுப்பு. ஆண்டுதோறும் வரவேற்புரையும் நன்றியுரையும் மட்டுமே கேட்ட பொதுக்குழுவுக்கு உறுப்பினர் வராமல் போனதை வைத்து, சங்கம் வாழுமா வீழுமா என்ற கேள்விக்கும் அவர்கள் வரமாட்டார்கள் என்று முடிவு கட்டுவது முறையன்று. முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் தம்மிடம் உள்ளது என்ற நம்பிக்கை பிறக்கும் இடத்தில்தான் வருகை பிறக்கும்.

காலம் இல்லை என்பது அடுத்த மறுப்பு. கடன்காரர் வாயிலில் நிற்கும்போது மாதக்கணக்கில் கூட்டம் நடத்த முடியாது என்ற கவலை உண்மையானது. ஆனால் அந்த நெருக்கடி ஒரு மாதத்தில் உருவானது அன்று. ஆண்டுக் கணக்கில் தெரிந்தும் சொல்லாமல் விட்டதன் விளைவே அது. கூட்டுறவுக் குழுமத்தின் இரு கூட்டங்களுக்கும் இடையே மூன்றரை மாதங்கள் இருந்தன. அத்தனை பெரிய இழப்பில் இருந்த நிறுவனமே அந்தக் காலத்தை ஒதுக்க முடிந்ததென்றால், சிறிய சங்கங்களுக்கு அது இயலாததன்று.

உறுப்பினர்கள் உணர்ச்சிவயப்பட்டுத் தவறான முடிவை எடுக்கக்கூடும் என்ற மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. கட்டடத்தை விற்கச் சம்மதிக்காமல், அதனைப் பழுதுபார்க்கப் பணமும் தராமல், இரண்டையும் ஒருசேர மறுக்கும் பொதுக்குழு அமையலாம். அதற்குரிய மருந்து, ஒவ்வொரு தெரிவுக்கும் ஆகும் செலவை எழுதிக் காட்டுவதும், எதையும் மாற்றாமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை வாக்குச்சீட்டிலேயே உணர்த்துவதும் ஆகும். தவறும் உரிமையும் உரிமையின் பகுதியே. நிர்வாகிகளும் தவறாதவர்கள் அல்லர் என்பதற்கு நலிவுற்ற சங்கங்களே சான்று.

8. வாக்கெடுப்புக்குரிய நெறிகள்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், மறுசீரமைப்பை எதிர்நோக்கும் எந்தச் சங்கமும் பின்வரும் நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது.

முதலாவது, வாக்கெடுப்பு அறிவிக்கப்படுவதற்கு முன்னரே உறுப்பினர் பட்டியல் சரிபார்க்கப்பட்டு, மறைந்தோர் பெயர்கள் நீக்கப்பட்டு, நிலுவைதாரர்க்குச் செலுத்தும் வாய்ப்பும் காலக்கெடுவும் தரப்பட்டு, முறையீடுகள் தீர்க்கப்பட்டு, இறுதிப் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, கடன்களின் முழு விவரம், சொத்துகளின் மதிப்பு, நடப்பிலுள்ள வழக்குகள் ஆகியவற்றைக் கொண்ட அறிக்கை, எளிய தமிழில், ஒவ்வோர் உறுப்பினருக்கும் போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, சந்தாவை உயர்த்தித் தொடர்வது, பணிகளைக் குறைத்துத் தொடர்வது, இணைவது, கலைவது ஆகிய தெரிவுகள் தனித்தனியே விளக்கப்பட வேண்டும்; செயற்குழுவின் பரிந்துரையோடு மாற்றுக் கருத்தும் அதே அறிக்கையில் சம இடம் பெற வேண்டும்.

நான்காவது, குறைவெண் சேராத கூட்டத்தை ஒத்திவைத்து, அரைமணி நேரம் கழித்து அதே இடத்தில், வந்திருப்பவர்களை வைத்தே நடத்தி முடிக்கும் வழக்கம் மறுசீரமைப்புத் தீர்மானங்களுக்குப் பொருந்தாது என்று துணைவிதி விலக்க வேண்டும். நேரில் வர இயலாத முதியோரும் வெளியூரினரும் சட்டம் இடந்தரும் அளவுக்கு அஞ்சல் வழியாகவோ பதிலி வழியாகவோ, அதாவது தம் சார்பில் வாக்களிக்க எழுத்தில் அனுமதி பெற்றவர் வழியாகவோ, பங்கேற்க வகை செய்ய வேண்டும்.

ஐந்தாவது, வாக்கு மறைவானதாக இருக்க வேண்டும். அதனை நடத்துபவர் போட்டியிலோ பொறுப்பிலோ இல்லாதவராக இருக்க வேண்டும்.

ஆறாவது, முதற்கூட்டத்தின் முடிவு ஒரு மாதத்துக்குப் பின்னர் கூடும் உறுதிக் கூட்டத்தின் ஒப்புதலோடுதான் நடைமுறைக்கு வர வேண்டும்.

ஏழாவது, பணியாளர்களின் ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் எந்தத் தெரிவிலும் முதற்கடனாகக் கருதப்பட வேண்டும். வாக்குரிமை இல்லாத அவர்கள் மீது மறுசீரமைப்பின் சுமையை இறக்கி வைப்பது அறமாகாது.

9. முடிவு

கலைந்துபோகத் தீர்மானிக்கும் சங்கம் தோற்றுப்போன சங்கம் என்று இவ்வமைப்பு கருதவில்லை. தன் நோக்கம் நிறைவேறிவிட்டது என்றோ, அதனை வேறொரு சங்கம் சிறப்பாகச் செய்கிறது என்றோ உணர்ந்து, கணக்கை முடித்து, நூல்களையும் நிதியையும் கட்டடத்தையும் அந்தச் சங்கத்திடம் முறையாக ஒப்படைத்து விடைபெறும் உறுப்பினர்கள், தமக்கு முன்னிருந்தவர்களின் உழைப்புக்கு நேர்மை செய்கிறார்கள். அதுபோலவே, சந்தாவை இருமடங்காக்கிக்கொண்டு தொடர்வோம் என்று கையொப்பமிடுபவர்களும் நேர்மை செய்கிறார்கள். இவ்விரண்டையும் ஒத்த மதிப்புடையவை ஆக்குவது, முடிவெடுத்தவர்கள் உறுப்பினர்களே என்ற ஒரே உண்மைதான்.

பிறர்க்குக் கூறும் இந்நெறிகளை இவ்வமைப்பு முதலில் தனக்கே விதித்துக்கொள்கிறது. தன் உறுப்பினர் பட்டியலைத் திருத்தி வெளியிடுவதும், ஆயுள் சந்தாவைத் தனி நிதியாக ஒதுக்குவதும், மறுசீரமைப்புக்கு உறுதிக் கூட்டம் கட்டாயம் என்ற துணைவிதித் திருத்தமும் அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் வாக்குக்கு வைக்கப்படும். அவற்றை ஏற்பதும் மறுப்பதும் உறுப்பினர்களின் உரிமை. அவர்கள் மறுப்பின், அந்த மறுப்பையும் இவ்வமைப்பு இந்நிலைப்பாட்டின்படியே ஏற்று நடக்கும்.